தேமல் அக்காவின் தாய்வீடு

"சட்டையோடயே தண்ணிய ஊத்திடலாமே" என்றாள் அண்ணி.

அம்மாவின் கழுத்துப் பொத்தானில் கை வைத்திருந்த மகள் நிமிர்ந்து பார்த்தாள். விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்த அம்மா, டாக்டர் வருவதற்குள் போய்விட்டாள். முன்னறையில் ஆட்கள் சேர ஆரம்பித்திருந்தார்கள். பின்னறைக் கதவைச் சாத்திவிட்டு இவர்கள் இரண்டு பேரும் உடம்பைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணி கூச்சப்படுகிற ஆளே இல்லை. அவள் பேசினால் தெருவுக்கே கேட்கும். இன்றைக்கு மட்டும் குரல் ஏன் இப்படித் தாழ்ந்து போயிற்று?

அழுக்குச் சட்டையோடு எப்படி அனுப்புவது என்று சொல்லிவிட்டு மகள் பொத்தானைக் கழற்றினாள். அண்ணி சுவர்ப்பக்கம் திரும்பி, வேலையே இல்லாத இடத்தில் துணி மடிக்கத் தொடங்கினாள்.

மணிக்கட்டைத் தாண்டி விரல்வரை இறங்கும் அந்தச் சட்டைக் கையை உருவியதும் முதலில் கண்ணில் பட்டவை விரல்கள். நுனிகளில் பழைய கொப்புளங்கள் காய்ந்து தடித்திருந்தன. உள்ளங்கையில் கோடு போட்டது மாதிரி ஒரு தழும்பு, அதன் மேலேயே புதிதாக இன்னொன்று. காலைத் திருப்பிப் பார்த்தாள். குதிகாலிலும் ஒரு புண், மாவு மாதிரி ஏதோ மருந்து தூவியிருந்தது.

அண்ணிதான் சூடு வைத்திருக்கிறாள், பாவி. அப்படித்தான் அவள் மனசு முதலில் சொன்னது. சந்தேகம் ஒருமுறை வீட்டுக்குள் வந்துவிட்டால் பிறகு அதற்குச் சோறு போட ஆள் வேண்டியதில்லை, தானே எடுத்துப் போட்டுக்கொள்ளும். புழுக்கத்திலும் அம்மா நீளக்கைச் சட்டை போட்டுக்கொண்டிருந்தது, தாயும் மகளும் தனியாக உட்கார்ந்தால் அண்ணி டீயைத் தூக்கிக்கொண்டு நடுவில் வந்து நின்றது, அம்மா பேச்சை நடுவிலேயே விழுங்கியது, எல்லாம் வரிசையாக வந்து நின்றன. மடித்த துணியையே திரும்ப மடித்துக்கொண்டிருந்தவளின் முதுகை அவள் வெறுப்போடு பார்த்தாள். குடத்தைச் சாய்ப்பது போல அம்மாவை ஒருக்களித்துத் திருப்பினாள்.

திருப்பியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அந்த ஊரில் மகளைத் 'தேமல் அக்கா' என்றால்தான் தெரியும். தொழுநோய் சர்வேக்காக வீடுவீடாகப் போய், ஆட்களைத் திரும்பி நிற்கச் சொல்லி, முதுகிலும் கைகாலிலும் வெளிறிய தேமல் இருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. பிள்ளைகள் அவள் வருவதைக் கண்டாலே தாங்களாகச் சட்டையைத் தூக்கிக் காட்டிவிட்டு ஓடுவார்கள். ஊர் முதுகையெல்லாம் பார்த்தவள், பெற்றவள் முதுகை இன்றைக்குத்தான் பார்த்தாள். தோள்பட்டையிலிருந்து இடுப்பு வரை வெளிறிப்போய்க் கிடந்தது.

தொட்டால் தெரிகிறதா என்று கேட்பதுதான் அவளுக்குத் தெரிந்த சோதனை. அதை அம்மாவிடம் இனிக் கேட்க முடியாது. தேமல் உள்ள இடமும் இல்லாத இடமும் இப்போது ஒன்றுதான். மனசு கேட்காமல், அம்மாவின் முழங்கையை மடக்கி எலும்புக்குப் பின்னால் விரலை ஓட்டினாள். நரம்பு கயிறு மாதிரி தடித்து உருண்டது. இதற்கு மேல் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

"அண்ணி, இந்தச் சூடெல்லாம் எப்படி வந்தது?"

அண்ணி திரும்பினாள். அழுதிருந்தாள். "நான் வெச்சேன்னு நெனச்சியா?"

இவள் பார்வையை அம்மாவின் கைமேல் தாழ்த்திக்கொண்டாள். அதுவே பதிலாகப் போய்விட்டது.

"கொதிக்கிற பாத்திரத்தை வெறுங்கையில எடுப்பாங்க. தோல் கருகுற வாசனை வந்தப்புறம் நான்தான் ஓடிப்போய்ப் பிடுங்குவேன். அவங்களுக்குத் தெரியவே தெரியாது."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னு அவங்கதான் தடுத்தாங்க. 'இந்தப் பக்கம் ஒருத்தருக்கும் இல்லைன்னு சொல்லி என் பொண்ணு நல்ல பேரு வாங்கியிருக்கா. அவ வாயை நான் பொய்யாக்க மாட்டேன்'னாங்க. நீ வர்ற நாள்ல நான் பக்கத்துலயே இருக்கணும், அவங்க சூடான எதையும் தொட்டுடாம பார்த்துக்கணும். அதுதான் எனக்கு இட்ட வேலை."

அம்மா வீடும் அவளுடைய சர்வே பகுதிக்குள்தான் இருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் அதைக் கடைசி வீடாக வைத்துக்கொள்வாள். நாள் முழுக்க நடந்து கால் ஓய்ந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அதுவும் பார்த்த வீடாகிவிடும். பெற்ற தாயைத் திரும்பி நில்லு என்று எவள் சொல்வாள்? டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவாள். நோய் ஒழிந்துவிட்டது என்று மேலிடத்தில் அறிவித்த பிறகு அவளோடு வேலை பார்த்தவர்களை வேறு வேலைக்கு மாற்றிவிட்டார்கள். அவர்கள் பகுதியும் இவள் தலையில் விழுந்தது. தேடுகிற ஆள் குறையக் குறைய நோயாளிகளும் குறைந்தார்கள். உண்மையில் குறைந்தது எது என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் கூட்டத்தில் எழுந்து நின்று, புதிதாக ஒருவருமில்லை என்று சொன்னாள். எல்லாரும் கைதட்டினார்கள். அது இனிக்கத்தான் செய்தது.

குளிப்பாட்டி முடித்து, வேறு நீளக்கைச் சட்டை போட்டு, அம்மாவை முன்னறைக்குக் கொண்டுவந்தார்கள். அண்ணி பொத்தான்களை மணிக்கட்டு வரை போட்டுவிட்டாள். இவள் தடுக்கவில்லை.

முன்னறையில் தலைமாட்டில் உட்கார்ந்ததும் அவளுக்கு வேறொரு பயம் வந்தது. தொட்டதும் ஒட்டிக்கொள்கிற நோய் இல்லை இது. வருஷக்கணக்காக ஒரே கூரைக்குக் கீழே, ஒரே காற்றை இழுத்துவிட்டு வாழ்கிறவர்களிடம் மெல்லத்தான் போகும். அப்படியும் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் வராது. ஆனால் ஒருவருக்கு இருந்தால் அடுத்ததை அதே வீட்டில்தான் தேட வேண்டும் என்று அவளே எத்தனையோ பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறாள். அம்மாவுக்கு யார் கொடுத்தது? அம்மா யாருக்குக் கொடுத்துவிட்டுப் போனாள்?

மிரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அடுத்த வீட்டுக்காரருக்குப் புருவம் ஏன் இவ்வளவு மெலிந்திருக்கிறது? சித்தப்பாவின் காதுமடல் முன்பும் இப்படித் தடித்துத்தான் இருந்ததா? தையல்காரம்மா காலை இழுத்து நடக்கிறாளே, முட்டிவலிதான் என்று யார் சொன்னது? ஆறுதல் சொல்லக் கையைப் பிடித்தவர்களின் கையை இவள் விடாமல் புரட்டிப் பார்த்தாள். துக்கத்தில் பிள்ளை பித்துப்பிடித்துப் போயிருக்கிறாள் என்று அவர்கள் தலையைத் தடவினார்கள்.

அப்போதுதான் டீ வந்தது. வாசலோடு சேர்ந்த ரொட்டிக் கடை அண்ணனுடையது. கடைப்பையன்கள் யாரும் வராததால் அண்ணனே டம்ளர்களை எடுத்துக்கொண்டு வந்தான். அடுப்பிலிருந்து இறக்கிய சூடு. வாங்கினவர்கள் துண்டு நுனியைச் சுற்றிக்கொண்டார்கள், இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினார்கள், தரையில் வைத்தார்கள். அண்ணன் மட்டும் ஒரு டம்ளரை வலது கையில் முழுசாகப் பற்றிக்கொண்டு, சித்தப்பாவிடம் வண்டி எப்போது வரும் என்று நிதானமாகப் பேசிக்கொண்டு நின்றான்.

இரும்புக்கை என்றுதான் கடையில் அவனுக்குப் பேர். அடுப்பிலிருந்து வரும் தட்டைத் துணியில்லாமல் எடுப்பான் என்று வீட்டில் எல்லாருக்கும் பெருமை. இவளும் சிரித்திருக்கிறாள். தன் மாமியாரிடம்கூட அதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டிருக்கிறாள். இப்போது அண்ணியைத் தேடினாள். அண்ணியும் அந்த டம்ளரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மாவைக் கொண்டுபோய்விட்டு எல்லாரும் கலைந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அண்ணன் அடுப்பறையில் மாவு மூட்டை மேல் உட்கார்ந்திருந்தான். அடுப்பு ஆறிக் கிடந்தது. அவள் எதிரில் ஒரு பலகையை இழுத்துப் போட்டுக்கொண்டு, அம்மாவின் முதுகில் பார்த்ததைச் சொன்னாள். பிறகு, கையைக் காட்டு என்றாள்.

அவன் கையை நீட்டவில்லை.

"உன் வேலைய எங்கிட்டயே காட்டறியா பாப்பா?"

"பார்த்துட்டா நிம்மதிதானே."

"இந்தக் கையால சுட்ட ரொட்டின்னு தெரிஞ்சா ஒரு நாய்கூட என் வாசல்ல நிக்காது."

மாத்திரை ஆரம்பித்தால் யாருக்கும் பரவாது, முழுசாகக் குணமாகிவிடும் என்று அவள் சொன்னாள். வீடுவீடாகச் சொல்லிப் பழகிய வாக்கியம். நாக்கு தானாகச் சொல்லியது.

"அது உனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியுமா?"

தெரியாது. ஊருக்குத் தெரியாது என்பது அவளைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்? கடை போய்விட்டால் இந்த வீட்டில் அடுத்த வேளைச் சோறு கிடையாது. அவள் சொன்னால் கடை போகும். சொல்லாவிட்டால் விரல் போகும். உள்ளே அண்ணன் பிள்ளைகள் இரண்டும் ஏதோ சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

"உனக்காக வேண்டாம்ணா. அதுங்களுக்காகப் பார்க்கலாம். உனக்கு இருந்தா அடுத்து அதுங்கதான்."

அண்ணன் உள்ளே எட்டிப் பார்த்தான். பிறகு சட்டைக் கையைச் சுருட்டி, இரண்டு கையையும் அவள் மடியில் வைத்தான்.

காலையில் அம்மாவின் மூக்கில் வைத்ததுபோக மிச்சமிருந்த பஞ்சில் கொஞ்சம் பிய்த்துத் திரியாகத் திரித்தாள். கண்ணை மூடிக்கொள், பஞ்சு படுகிற இடத்தை விரலால் தொட்டுக் காட்டு, அவ்வளவுதான் என்றாள். முதலில் இடது முழங்கையருகே தொட்டாள். அவன் விரல் நேராக அங்கே வந்தது. மணிக்கட்டில் தொட்டாள். அங்கேயும் வந்தது. அவளுக்கு மூச்சு வந்தது. அண்ணன் கண்ணை மூடியபடியே லேசாகச் சிரித்தான், கண்ணாமூச்சியில் ஜெயிக்கிறவன் மாதிரி.

வலது கையை எடுத்தாள். சுண்டுவிரலில் பஞ்சை வைத்தாள். பிறகு அதற்குக் கீழே, உள்ளங்கையின் வெளி ஓரத்தில். பிறகு மணிக்கட்டுப் பக்கம். பஞ்சைப் போட்டுவிட்டுப் பேனா முனையால் அழுத்தினாள். தோல் குழிந்தது, எழுந்தது. வாசற்படியில் அண்ணி வந்து நின்றுகொண்டிருந்தாள்.

அண்ணன் இடது கை ஆட்காட்டி விரலை நீட்டித் தயாராக வைத்துக்கொண்டிருந்தான்.

"ம், தொடு பாப்பா" என்றான்.