பயலின் காலடியில் சுண்ணாம்பு

சவப்பெட்டி ஏற்றிய வண்டியை அருங்காட்சியக வாசலில் நிறுத்தச் சொன்னபோது எலியாசார் காதில் விழாதவன் போல ஓட்டிக்கொண்டே போனான். ஒப்துலியா எட்டி ஸ்டியரிங்கைப் பிடித்த பிறகுதான் பிரேக்கை மிதித்தான்.

“அக்கா, மே மாச வெயிலு. அப்பாவை வீட்டுக்குக் கொண்டுபோயிடலாம். ஊரே காத்துக்கிட்டிருக்கு.”

“அவரு நாப்பது வருஷம் காத்துக்கிட்டிருந்தாரு. ஊரு அரை மணி நேரம் காத்திருக்கட்டும்.”

அப்பா ஃபிலெமோன் அன்று விடியற்காலையில்தான் நகரத்து ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். கடைசியாகத் தெளிவாகப் பேசியது ஒன்றே ஒன்றுதான். போகிற வழியில் பயலைக் காட்டிவிட்டுப் போங்கள் என்றார்.

பயல் என்றால் கல். சோளக்கொல்லையில் வேலிக்கால் நட அவர் குழி தோண்டியபோது கடப்பாரையில் தட்டுப்பட்டது. கோபம் வந்தவர் மாதிரி அன்று முழுக்கக் கையாலேயே மண்ணை வாரிப் போட்டார். இடுப்பு உயரத்தில் மண்டியிட்ட குழந்தை, உப்பிய கன்னம், சிறுத்தையின் வாய். அம்மா குளிக்க வைத்திருந்த சுரைக்குடுக்கையில் அவரே தண்ணீர் மொண்டு அதைக் குளிப்பாட்டினார். அது மெக்சிகோவின் ஆதி நாகரிகமான ஓல்மெக் காலத்துச் சிற்பம், மூவாயிரம் வருஷத்துப் பழசு என்பதெல்லாம் பிற்பாடு வந்தவர்கள் சொல்லித்தான் தெரியும். சாலை போட வந்த இஞ்சினியர் பார்த்தார், அடுத்த வாரம் லாரி வந்தது. கண்டெடுத்தவர் என்று உன் பெயரை எழுதிவைப்போம் என்று சொல்லித்தான் ஏற்றிப்போனார்கள். எழுதியது இஞ்சினியரின் பெயர்.

வருஷா வருஷம் பயல் கிடைத்த தேதியில் அவர் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு அருங்காட்சியகத்துக்குப் போவார். மனு எழுதிக் கொடு என்பார்கள். அவருக்கு எழுதத் தெரியாது. பத்து வயதிலிருந்து ஒப்துலியாதான் எழுதினாள், மொத்தம் பதினொரு மனு. ஒன்றுக்கும் பதில் இல்லை. தன் கையெழுத்து நன்றாக இல்லாததால்தான் பதில் வரவில்லை என்று சிறுவயதில் அவள் ராத்திரியெல்லாம் அழுதிருக்கிறாள். அந்த அழுகையை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அருங்காட்சியக இயக்குநர் வெளியே வந்தாள். சின்ன வயசு, மரியாதையான பெண். வருத்தம் தெரிவித்தாள். பெட்டியை உள்ளே விட விதி இல்லை, பூ கூடாது, மெழுகுவத்தி கூடவே கூடாது என்றாள். அப்புறம், பழக்கதோஷம், அந்த வார்த்தையையும் சொல்லிவிட்டாள்.

“ஒரு மனு எழுதிக் குடுங்க. பரிசீலனை பண்றோம்.”

ஒப்துலியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வண்டிக்குப் போய், துக்கவீட்டுக்கென்று சந்தையில் வாங்கிய சாமான்களைக் கிளறினாள். காப்பித்தூளையும் மெழுகுவத்தியையும் ஒதுக்கிவிட்டு, சோளம் வேகவைக்கப் போடுகிற சுண்ணாம்புப் பொட்டலத்தை மட்டும் கைப்பையில் போட்டுக்கொண்டாள். வரிசையில் நின்று டிக்கெட் வாங்கி, எல்லோரையும் போல உள்ளே நடந்தாள். எலியாசார் பின்னாலேயே ஓடிவந்தான்.

பயல் விளக்கு வெளிச்சத்தில் மண்டியிட்டிருந்தான். முன்னால் இரண்டு பித்தளைக் கம்பங்களும் மஞ்சள் கயிறும். ஒப்துலியா குனிந்து கயிற்றுக்கு அடியில் நுழைந்தாள், பொட்டலத்தைப் பல்லால் கிழித்து, பளிங்குத் தரையில் சுண்ணாம்பைக் கோடாகக் கொட்டினாள்.

காவலர் அபுந்தியோ கத்திக்கொண்டே வந்தார். இருபது வருஷமாக அப்பாவை “தொடாதீங்க ஐயா” என்று அதட்டியவர் அவர்தான். குறுக்குக்கோடும் விழுந்து சிலுவை முடிந்ததைப் பார்த்ததும் அப்படியே நின்று, தொப்பியைக் கழற்றினார்.

“தோன் ஃபிலெமோன் ஐயாவா?”

“ஆமா. இன்னைக்கு விடியக்காலைல.”

வழக்கமாக வீட்டில் பெட்டிக்கு அடியில் வரைகிற சுண்ணாம்புச் சிலுவை அது. இறந்தவரின் நிழல் அதில்தான் ஒன்பது நாள் தங்கும். தினமும் சாயங்காலம் அதைச் சுற்றி நின்று ஜெபம் சொல்வார்கள். ஒன்பதாம் நாள், சிலுவைக்குப் பொறுப்பேற்ற ஞானப்பெற்றோர் அதை அள்ளிக்கொண்டுபோய்க் கல்லறைக் குழியில் சேர்ப்பார்கள். அதுவரை பக்கத்தில் துடைப்பம் வரக்கூடாது. இது அபுந்தியோவுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சத்தம் கேட்டு உள்ளே வந்த இயக்குநர் தலைநகரத்தில் படித்தவள், அவளுக்குத்தான் தெரியவில்லை. இதென்ன பொடி, உடனே கூட்டித் தள்ளுங்கள் என்றாள்.

“என்னால முடியாதும்மா,” என்றார் அபுந்தியோ. “நான் கூட்டினா அவரு நிழலை என் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போகணும். வேலையை வேணா எடுத்துக்கோங்க.”

அவள் துடைப்பத்தைத் தானே எடுக்கப் போனாள். கூடத்தில் நின்ற சந்தைப் பெண்கள் இரண்டு பேர் சிலுவைக்குறி போட்டுக்கொண்டு அவளையே பார்த்தார்கள். எடுத்த துடைப்பத்தை அவள் சுவரில் சாய்த்துவிட்டாள்.

ஒப்துலியா முழங்காலில் ஒட்டிய சுண்ணாம்பைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

“ஒன்பது நாளும் சாயங்காலம் ஊரோட வருவோம். எங்கப்பா பேரைச் சொல்லித்தான் ஜெபம் பண்ணுவோம், சத்தமாவே பண்ணுவோம். ஜெபத்துக்கு வர்றவங்ககிட்ட டிக்கெட் கேக்காதீங்க.”

“திங்கக்கிழமை லீவு,” என்றாள் இயக்குநர்.

“அன்னைக்கு வாசல்ல நின்னு பண்றோம்.”

வெளியே நடக்கும்போது எலியாசார் மெதுவாகக் கேட்டான், வீட்டில் பெட்டிக்கு அடியில் எதை வரைவது என்று.

“ஒண்ணும் வேணாம். ஒருத்தருக்கு ஒரு சிலுவைதான். அது இங்க இருக்கு.”

அவன் நின்று யோசித்தான். பிறகு தலையாட்டினான், அப்படியானால் ஊருக்கு ஒரு பஸ் பேச வேண்டும் என்றான்.

கூடத்தின் கதவருகே ஒப்துலியா ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அபுந்தியோ பித்தளைக் கம்பங்களை ஒவ்வொன்றாகத் தூக்கி முன்னால் கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தார். சிலுவை மஞ்சள் கயிற்றுக்கு உள்ளே போயிருந்தது. ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை எட்டிப் பார்க்கக் குனிந்தபோது அவர் விரலை உயர்த்தி, எப்போதும் போல, தொடக்கூடாது என்றார்.