இடக்களத்தில் அசைந்த உதடுகள்

1

இந்தக் கதை பிறந்ததற்குக் காரணம், ஒரு செவ்வாய்க்கிழமை பகல் இரண்டு மணிக்கு நான் பொருளாதார வகுப்பில் இல்லாததுதான். அரிசோனாவின் மேசா ஊர் பேஸ்பால் மைதானத்தில், வேலிக்குப் பின்னால் இருக்கும் புல்மேட்டில், எலுமிச்சைச் சாறோடு உட்கார்ந்திருந்தேன். மார்ச் மாதக் கடைசி. (மார்ச்சில் மேசாவில் வகுப்புக்குப் போகிறவர்களும் உண்டு. அவர்களைப் பேராசிரியர்கள் என்பார்கள்.)

உயரமாக ஒரு பந்து எழும்பியது. அதன் கீழே இரண்டு பேர் ஓடி வந்தார்கள். அவர்களில் ஒருவன் என் நண்பன் எமெட் ஹாலோவே. எனக்கு நாற்பது அடி தூரத்தில் அவன் பக்கவாட்டில் திரும்பியபோது பார்த்தேன், உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. பந்து தலைக்கு மேல் இருக்கும்போது யாரும் பாடுவதில்லை. பிரார்த்தனை செய்கிறவனும் அல்ல இவன். பிறகு யாரிடம், என்ன பேசினான்?

அந்தக் கேள்விதான் கதை. மற்றதெல்லாம் நான் உள்ளே அடைத்த பஞ்சு.

2

தொடக்கங்கள்:

"அன்று அரிசோனாவின் வானம் நீலமாக—"

விட்டுவிட்டேன். அரிசோனாவின் வானம் என்றைக்குமே நீலம்தான்.

"நோய்வாய்ப்பட்ட தந்தையின் கடைசி ஆசையை நெஞ்சில் சுமந்தபடி, இருபத்துமூன்று வயது எமெட்—"

அடித்துவிட்டேன். எமெட்டின் அப்பா நெப்ராஸ்காவில் பல் மருத்துவர். நலமாக இருக்கிறார். வாரம் இருமுறை டென்னிஸ் ஆடுகிறார். இந்தக் கதைக்கு அவர் ஒரு உதவியும் செய்யவில்லை.

"அணியில் இருபத்தாறு இடம். இருபத்தைந்து முடிந்துவிட்டது. மிச்சம் ஒன்று. அதற்கு இரண்டு பேர்."

இது இருக்கட்டும். அழகில்லை, ஆனால் உண்மை.

3

அந்த இரண்டு பேரைச் சொல்லிவிடுகிறேன்.

எமெட் கல்லூரியில் என் அறைத்தோழன். மூன்றாம் ஆண்டில் ஒரு பெரிய அணி அவனை எடுத்துக்கொண்டது; படிப்பை விட்டான். நான் விடவில்லை. இன்னும் மூன்றாம் ஆண்டிலேயே இருக்கிறேன். சீசனுக்கு முன் நடக்கும் ஒவ்வொரு வசந்த முகாமுக்கும் அவன் மேசாவுக்கு வருவான், ஆறு வாரம் ஓடுவான், கடைசி வாரத்தில் "இன்னும் கொஞ்சம் பழகிட்டு வா" என்று கீழணிக்கு அனுப்பிவிடுவார்கள். இரண்டு வருடம் இப்படி. இது மூன்றாவது.

இந்த பிப்ரவரியில் அவன் ஒரு கனத்த குளிர்கோட்டு வாங்கினான். பெரிய அணி ஏப்ரலில் ஆடும் ஊரில் பனி கொட்டும். கீழணி இருக்கும் ஊரில் பனியனே அதிகம். கோட்டை என் அலமாரியில் கொண்டுவந்து மாட்டினான்.

"எவனாவது கேட்டா உன்னுதுன்னு சொல்லிடு."

"அரிசோனாவுல எனக்கு எதுக்குடா கோட்டு?"

"தமிழனுக்கு சீக்கிரம் குளிரும்னு சொல்லேன். எவன் போய் விசாரிக்கப் போறான்?"

எவ்வளவு ஆசை என்று அவன் வாயைத் திறந்து சொன்னதே இல்லை. கோட்டு சொன்னது.

மற்றவர் ரெய்னால்டோ பிச்சார்டோ. டொமினிக்கன் நாட்டுக்காரர், இருபத்தொன்பது வயது, பதினோரு வருடத்தில் நான்கு அணி. முதல் வரைவில் அவருக்கு ஒரு கர்ப்பிணி மனைவியைக் கொடுத்திருந்தேன். கண்ணீர் நன்றாக வந்தது. ஆனால் அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை. டொமினோ ஆட்டத்தில் ஏமாற்றுவார். பிடிபட்டால் அந்த நொடியிலிருந்து ஸ்பானிஷ் தவிர வேறு எதுவும் புரியாது. எமெட் அவரை, என் தமிழில், "அண்ணே" என்பான். அவர் அவனைத் "தம்பி" என்பார், தோற்கும்போது வேறு என்னவோ என்பார்.

4

இனி பந்து.

முதலில் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். (கதை நிற்கிறது என்று தெரிகிறது. பந்து காத்திருக்கும், நான்தான் அதை மேலே வைத்திருக்கிறேன்.) வேலிப் பக்கமான புறக்களத்தில் மூன்று பேர் நிற்பார்கள், நடுவில் நிற்பவர்தான் ராஜா. அவர் "என்னுது!" என்று கத்திவிட்டால் பக்கத்தில் இருப்பவன் விலகியே ஆகவேண்டும். மீறினால் இருவரும் மோதி, எமெட்டின் அப்பாவுக்குத் தொழில் கிடைக்கும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. மேகமில்லாத வானத்தில் வெள்ளைப் பந்து எவ்வளவு உயரம், எவ்வளவு தூரம் என்று கண்ணுக்குப் பிடி கிடைக்காது. சட்டென்று காணாமல் போகும். அப்படிப் போனால் இரண்டு கைகளையும் அகல விரித்துக் காட்டவேண்டும். "எனக்குத் தெரியலப்பா, யாராவது பாருங்க" என்று அர்த்தம். அதில் வெட்கமில்லை, சாதாரண நாளில்.

அன்று சாதாரண நாள் இல்லை. கடைசிப் பயிற்சி ஆட்டம். அணியை நடத்தும் மேனேஜரும் அலுவலகக்காரர்களும் நோட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். நடுக்களத்தில் பிச்சார்டோ, இடக்களத்தில் எமெட். பந்து இருவருக்கும் இடையில், வேலியை நோக்கி வந்தது.

பிச்சார்டோ "என்னுது! என்னுது!" என்று கத்தினார். கத்தி முடித்ததும் பந்தைத் தொலைத்தார்.

கையை விரிக்கவில்லை.

நோட்டில் ஏறிவிடும் என்று பயந்திருக்கலாம். அவர் தொலைத்தது மைதானத்தில் ஒரே ஒருவனுக்குத்தான் தெரியும். ஆறு வாரமாகப் பக்கத்தில் நின்றவனுக்கு. பந்து தெரிந்தால் பிச்சார்டோவின் மோவாய் அசையாது. தெரியாவிட்டால் தீனி தேடும் கோழி மாதிரி வெட்டி வெட்டி அசையும்.

இங்கே நான் மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

எமெட் விலகி நிற்கிறான். பந்து விழுகிறது. விதிப்படி அவன்மேல் ஒரு குற்றமும் இல்லை. ராஜா கேட்டார், பிரஜை ஒதுங்கினான். அந்த ஒரு இடம் அநேகமாக அவனுடையது.

அல்லது குறுக்கே பாய்ந்து பிடிக்கிறான். புல்மேடு கைதட்டுகிறது. பிச்சார்டோவின் குட்டு ஊருக்கே தெரிகிறது. 'குரல் கொடுத்த பிறகும் நுழைந்தவன்' என்று எமெட்டின் பெயரும் நோட்டில்—

வேண்டாம். நடந்தது இது: எமெட் நான்கடி தள்ளி விலகி நின்று, தணிந்த குரலில் பேசினான். "பின்னாடி. இன்னும் பின்னாடி. ரெண்டு அடி. இடது பக்கம். நில்லு. கையத் தூக்கு." பிச்சார்டோ அவன் சொன்னபடி போனார், நின்றார், ஒன்றும் தெரியாத வானத்துக்குள் கையுறையை நீட்டினார். பந்து அதற்குள் வந்து உட்கார்ந்தது. மேனேஜர் எழுந்து நின்று கைதட்டினார், பிச்சார்டோவுக்கு.

(கண்ணால் பார்த்தும் நான் இதை நம்பவில்லை. கதையில் நீங்கள் எப்படி நம்புவீர்கள்? வாழ்க்கைக்கு வாசகர் இல்லை, அதனால் அது துணிந்து எதையும் எழுதும்.)

அந்த வார்த்தைகளையும், களத்திலிருந்து திரும்பும்போது அவர்கள் பேசியதையும் எமெட் பிறகு சொன்னான். நான் நன்றியை எதிர்பார்த்துப் பேனாவைத் திறந்து வைத்திருந்தேன்.

"தம்பி."

"என்னண்ணே?"

"உன்ன எவன்டா பேசச் சொன்னான்?"

"எவனும் சொல்லல."

"வாய மூடிட்டு நின்னிருந்தா இன்னைக்கே நீ உள்ள. இது கூடவா புரியல?"

"காலேஜ பாதியில விட்டவன்ணே நானு."

"சிரிக்காத. நாளைக்கு என் பேரு வந்தா உனக்கு நன்றியெல்லாம் சொல்ல மாட்டேன்."

"வேணாம்."

"டொமினோவுலயும் விட்டுத்தர மாட்டேன்."

"நீங்க எப்பண்ணே விட்டீங்க?"

5

வரைவை எமெட்டிடம் படிக்கக் கொடுத்தேன். பரிட்டோவைக் கடித்துக்கொண்டே படித்தான். பக்கம் நான்கில் பச்சை மிளகாய்ச் சாறு சிந்தியிருக்கிறது.

"என்னடா, என்னை சாமியார் மாதிரி எழுதி வெச்சிருக்க?"

"நீ பண்ணதத்தான்டா எழுதினேன்."

"பண்ணது சரி. மூஞ்சி தப்பு. 'அவன் முகத்தில் அமைதி'ன்னு போட்டிருக்க. நான் திட்டிட்டு இருந்தேன்டா. 'பின்னாடி'ன்னு ஒண்ணு சொன்னா நடுவுல கெட்ட வார்த்தை ரெண்டு."

"அப்புறம் ஏன் சொன்ன?"

வாயிலிருந்ததை மென்று விழுங்கினான்.

"பந்து கீழ வருது. அது எங்க விழும்னு எனக்குத் தெரியுது. தெரிஞ்சுகிட்டே சும்மா நிக்க எனக்கு வரல. அவ்ளோதான். நல்லவன்லாம் இல்ல. அவர் கையில விழுந்த அடுத்த செகண்டு, ஐயோ ஏன்டா சொன்னோம்னுதான் இருந்துச்சு. ராத்திரி முழுக்க இருந்துச்சு. அதையும் எழுது."

எழுதிவிட்டேன். 'முகத்தில் அமைதி'யை நீக்கிவிட்டேன். அது என் முகத்தில் இருந்திருக்க வேண்டும். எலுமிச்சைச் சாறு நன்றாக இருந்தது.

6

முடிவுக்கு வந்துவிட்டோம். முடிவு எனக்குத் தெரியும். கோளாறு அதில் இல்லை.

கோளாறு ஒரு விதியில் இருக்கிறது. எமெட் மாதிரி இளையவனை அணி யாரிடமும் கேட்காமல் கீழே அனுப்பலாம்; அவன் அணியின் சொத்தாகவே இருப்பான். பிச்சார்டோ விஷயத்தில் அணிக்கு அந்தச் சலுகைக் காலம் முடிந்துவிட்டது. அவரைக் கீழே அனுப்ப நினைத்தால் வேறு அணி நடுவழியில் தூக்கிக்கொண்டு போகலாம். ஆகவே சில சமயம் நன்றாக ஆடுபவன் கீழே போவான், அவனை அனுப்புவது சுலபம் என்பதற்காக. இன்னும் சில சமயம், வயதானவர் போனால் போகட்டும் என்று விட்டுவிடுவார்கள். செவ்வாய்க்கிழமைப் பந்து யாருடைய கணக்கில் ஏறியது, ஏறியதா என்பதே மேனேஜருக்குத்தான் வெளிச்சம்.

"முடிவ எழுதாத" என்றான் எமெட்.

"ஏன்டா?"

"எனக்குக் கெடைச்சுதுன்னு எழுதினா, நல்லது பண்ணா நல்லது நடக்கும்னு எவனாவது கைதட்டுவான். கெடைக்கலன்னு எழுதினா ஐயோ பாவம்பான். ரெண்டுக்கும் அந்தப் பந்துக்கும் என்னடா சம்பந்தம்?"

முடிவை அடித்துவிட்டேன். அதனால் புதன்கிழமைக் காலையை, நடந்தது வரைக்கும் அல்ல, நடப்பதற்கு ஒரு நிமிடம் முன்வரைக்கும் தருகிறேன்.

ஆட்டக்காரர்கள் உடைமாற்றும் அறை. பட்டியலைச் சுவரில் ஒட்டுவதில்லை. ஹார்லன் என்ற உதவிப் பயிற்சியாளர் உள்ளே வருவார். போக வேண்டியவன் தோளைத் தொட்டு, "மேனேஜர் கூப்பிடறாருப்பா" என்பார். ஆறு வாரமாக எல்லோரையும் சிரிக்க வைத்த மனிதர். இன்று அவர் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. கழிவறையில் கூட்டம். அங்கே வந்து தொடமாட்டார் என்று ஒரு நம்பிக்கை.

எமெட்டும் பிச்சார்டோவும் ஒளியவில்லை. பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில், கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஹார்லனை நான் கதவருகில் நிறுத்திவிட்டேன். இனி நடக்க வேண்டியது நீங்கள். உங்களுக்கு யாரைப் பிடித்திருக்கிறதோ அவரைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் அதற்கு மற்றவருடைய தோளைத் தொட வேண்டும், உங்கள் கையால். யார் என்று எனக்குச் சொல்ல வேண்டாம்.

எமெட் ஷூ நாடாவை மூன்றாவது முறையாக அவிழ்த்துக் கட்டுகிறான். பின்னால் காலடி கேட்கிறது, அது உங்களுடையது. பிச்சார்டோ திரும்பாமலே தன் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்துகிறார். இரண்டு பேருக்கும் நடுவில் நீங்கள் வந்து நிற்க இடம் விடுகிறார்.