ஒரு நாளைக்கு ஒரு பதில்

…மாத்திரை போட்டீங்களான்னு கேட்டிருக்குக்கா, அப்பாவை, என்று தம்பி ஃபோனில் சொன்னபோது அவளுக்கு முதலில் ஒன்றும் உறைக்கவில்லை, யார் கேட்டது, எந்த அப்பாவை, அப்பா போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறதே, இவனுக்கு என்ன ஆயிற்று என்றுதான் தோன்றியது, பிறகுதான் எதைச் சொல்கிறான் என்று புரிந்தது. அப்பாவின் மெயில் கணக்கை மூடிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறான் அவன், அதற்கு முன்னால் அந்தக் கணக்கிலிருந்தே, அதிலிருந்த எல்லா முகவரிக்கும் அப்பா காலமாகிவிட்டார், இனி இந்த முகவரிக்கு எழுத வேண்டாம் என்று ஒரு மெயில் அனுப்பியிருக்கிறான், அக்காவின் ஆபீஸ் முகவரியும் அதில் இருந்திருக்கிறது, கண் மூடித் திறப்பதற்குள் அங்கிருந்து பதில் வந்துவிட்டதாம். அப்பா, உங்க மெயில் பார்த்தேன், ஆபீஸ்ல கொஞ்சம் வேலை, ஞாயித்துக்கிழமை கண்டிப்பா பேசறேன், மாத்திரை போட்டீங்களா? அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளும் பதிலுக்குக் கத்தியிருப்பாள், அந்த வீட்டில் அப்படித்தான் எல்லாமே தீர்ந்திருக்கிறது, ஆனால் அவன் ரொம்பப் பொறுமையாக, "அக்கா, அவருக்கு வந்த பதில்ல எதெல்லாம் நீ எழுதினது?" என்று கேட்டான். "மீட்டிங்ல இருக்கேன்டா, அப்புறம் பேசறேன்." "சரி, மத்தியானம் நானே கூப்பிடறேன். யோசிச்சு சொல்லு, போதும்." மீட்டிங் எதுவும் இல்லை.

யோசிக்க என்ன இருக்கிறது… கம்ப்யூட்டரில் கட்டளைகள் எழுதும் எடிட்டரைத் திறந்தாள், கறுப்புத் திரை, ஒரு மூலையில் துடிக்கும் கர்சர், வேலையில் சேர்ந்ததிலிருந்து இதன் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறாள், நல்லதோ கெட்டதோ இங்கே வந்துதான் யோசிக்க வருகிறது. இந்தக் காப்பீட்டு நிறுவனத்துக்கு வருகிற மெயில் எல்லாம் அவள் பார்த்துக்கொள்ளும் சர்வர் வழியாகத்தான் போகும், ஆபீஸில் அவளுக்குப் போஸ்ட் மாஸ்டரம்மா என்றே பெயர், மெயில் வந்தாலும் அவளைத்தான் திட்டுவார்கள், வராவிட்டாலும் அவளைத்தான். மற்றவர்களெல்லாம் மெயிலை வடிகட்டி வைக்க வேண்டும் என்றால் செட்டிங்ஸ் பக்கத்தில் போய் நாலு பொத்தானை அமுக்குவார்கள், அவளுக்கு அது கௌரவக் குறைச்சல், எடிட்டரிலிருந்தே சர்வரைக் கூப்பிடுவாள், எந்த மெயிலை என்ன செய்வது என்ற விதிகள் அடங்கிய தன் ஸ்கிரிப்டை இறக்குவாள், புது விதியைக் கையால் எழுதி மறுபடி ஏற்றுவாள், ஒரு அடைப்புக்குறி விட்டுப்போனாலும் சர்வர் வாங்கிக்கொள்ளாது, பிழை எந்த வரியில் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடும், அந்தக் கறார் அவளுக்குப் பிடிக்கும். மெயில் ஃபோனுக்கு வருவதற்கு முன்பே, சர்வரிலேயே, இது இங்கே, அது அங்கே, இது குப்பைக்கு என்று முடிந்துவிடும். அவள் தூங்கினாலும் நடக்கும். அவள் செத்தாலும் நடக்கும். செத்தது அவள் இல்லையே, அதுதானே இப்போது பிரச்சினை.

ஸ்கிரிப்ட் வந்தது. மேலிருந்து படித்துக்கொண்டே போனாள், நேராக அங்கே போக மனம் வரவில்லை. மேலாளர் மிக அவசரம் என்று தலைப்புப் போட்டு அனுப்புவதெல்லாம் 'நாளைக்கு' என்ற ஃபோல்டருக்கு… இதை எழுதிய அன்று தனியாகச் சிரித்தது ஞாபகம் இருக்கிறது. தினம் காலையில் பூப்படம் அனுப்பும் மூன்றாம் மாடிக்காரர், நேராகக் குப்பை, பாவம் மனுஷன், லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் படம் நல்லாருந்துச்சாம்மா என்பார், ரொம்ப நல்லாருந்துச்சு சார் என்பாள். அதற்குக் கீழே, அவளே தனக்கு எழுதி வைத்த குறிப்பு வரி. அப்பா. தற்காலிகம்.

தற்காலிகம்தான், சத்தியமாக அப்படி நினைத்துத்தான் எழுதினாள். அப்பாவுக்கு மறதி ஆரம்பித்த புதிதில் ஃபோனில் பேசினால் தடுமாறுவார், யார் பேசறது என்பார், ஆனால் மெயில் என்றால் நிதானமாக, ஒற்றை விரலால் தட்டித் தட்டி அனுப்பிவிடுவார், பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்த காலத்தில் ரிப்போர்ட் அடித்த பழக்கம் அந்த விரலில் மிச்சம் இருந்தது. எப்ப வர்ற பாப்பா? அவ்வளவுதான் மெயில். அவள் பதில் போடுவாள், பத்து நிமிஷத்தில் மறுபடி எப்ப வர்ற பாப்பா, மறுபடி போடுவாள். டாக்டர் என்ன சொன்னார், ஒரு தடவை கேட்டாலும் நூறு தடவை கேட்டாலும் முதல் தடவை கேக்கற மாதிரியே பதில் சொல்லுங்கம்மா, எரிஞ்சு விழாதீங்க, மறந்துபோனாலும் முகம் சுளிச்சது மட்டும் அவங்களுக்குள்ள தங்கிடும் என்றார். அவளால் முடிந்ததா, இரண்டாம் தடவையே பல்லைக் கடித்துக்கொண்டுதான் தட்டினாள், நாலாம் தடவை முந்தின பதிலை அப்படியே நகல் எடுத்து ஒட்டினாள், ஒட்டுவதற்கு நான் எதற்கு, இயந்திரம் ஒட்டாதா… அங்கேதான் இந்த விதி பிறந்தது, அப்பாவிடமிருந்து மெயில் வந்தால் சர்வரே பதில் போட்டுவிடும். பல்லைக் கடிக்காமல், முகம் சுளிக்காமல், முதல் தடவை கேட்பது போலவே. டாக்டர் சொன்னதை அந்த வீட்டில் ஒழுங்காகச் செய்தது அவளுடைய ஸ்கிரிப்ட் ஒன்றுதான் என்று நினைத்தபோது அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது, இரண்டையும் விழுங்கினாள், பக்கத்து மேசைகளில் ஆட்கள் இருந்தார்கள்.

"மேடம், எனக்கு ஒரு மெயில் வரணும், வரலை." கணக்குப் பிரிவுக்காரர், காபிக் கோப்பையோடு. "எப்ப அனுப்பினாங்க?" "காலைல. கொஞ்சம் பாருங்களேன், அனுப்பிட்டேன்னு அவர் அடிச்சுச் சொல்றார். நீங்க எங்கயோ ஒளிச்சு வெச்சிருக்கீங்க." அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். பார்க்கறேன் சார் என்றாள், திரையை அவர் பார்க்காதபடி கொஞ்சம் திருப்பிக்கொண்டாள், அவர் போகிறவரை கர்சரையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த விதியை எவ்வளவு அழகு பண்ணியிருக்கிறாள். சும்மா சொல்லக்கூடாது, அவள் எழுதியதிலேயே நல்ல விதி இதுதான். ஒரே பதில் தினம் போனால் அப்பாவுக்குச் சந்தேகம் வந்துவிடுமோ என்று கிழமைக்கு ஒரு பதிலாக மாற்றினாள், திங்கட்கிழமை வேலை அதிகம், புதன்கிழமை இங்கே மழை, வெள்ளிக்கிழமை நல்லா தூங்கினீங்களாப்பா. மழை பெய்ததா என்று யார் பார்த்தார்கள். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பதில்தான் போகும், அது இந்தத் தானியங்கிப் பதில்களுக்கு வைக்கிற வழக்கமான கட்டுப்பாடு, இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் இயந்திரமாக இருந்துவிட்டால் விடிய விடிய ஒன்றுக்கொன்று பதில் போட்டுக்கொண்டே இருக்கும், அவளும் யோசிக்காமல் அப்படியே வைத்தாள். பதில் போன பிறகு அவர் மெயில் இன்பாக்ஸுக்கு வராது, தனி ஃபோல்டருக்குப் போய்விடும், ஞாயிற்றுக்கிழமை நிதானமாக உட்கார்ந்து படித்துக்கொள்ளலாம். எந்த ஞாயிற்றுக்கிழமை? தம்பி ஒரு தடவை ஃபோனில், "அக்கா, நீ பதில் போட்டா எனக்கும் வாசிச்சுக் காட்டறார், இவளுக்கும் வாசிச்சுக் காட்டறார், பாப்பா ஊர்ல மழையாம்கறார். இவ்வளவு வேலைக்கு நடுவுல நீ தினம் எழுதறியே, கூடவே இருக்கற எனக்கே பொறுமை போகுது" என்றான், தன் பெண்டாட்டியிடமும் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டானாம். அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். டேய், அது நான் இல்லை என்று. சொல்லாமல் என்ன சொன்னாள், பெத்தவருக்கு இதுகூடச் செய்யலைன்னா எப்படிடா என்றாள். நாக்கு கூசவில்லையே.

விதியை அழித்தாள். மேலிருந்து கீழே வரை, திங்கள், செவ்வாய், மழை, தூக்கம், மாத்திரை எல்லாவற்றையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே விசையில். ஏற்றினாள், சர்வர் வாங்கவில்லை, ஒரு அடைப்புக்குறி மட்டும் தனியாகக் கீழே தங்கிவிட்டிருந்தது, பிழை என்று வரியைக் காட்டியது, அதையும் எடுத்தாள், இந்த முறை சரி என்றது. அவ்வளவுதான். இனி அப்பாவிடமிருந்து மெயில் வந்தால் நேராக அவளிடம் வரும். மேசைக்குக் கீழே குனிந்துகொண்டாள், பேனா விழுந்ததைத் தேடுகிறவள் மாதிரி.

தம்பிக்கு என்ன சொல்வது… பாதி நான்தான்டா என்று சொல்லலாம், நம்புவான், நம்பத்தான் அவன் கேட்கிறான், ஒன்றையாவது நான் எழுதினேன்னு சொல்லேன் என்பதைத்தான் வேறு மாதிரி கேட்டான். உண்மையிலேயே ஒன்றாவது இருக்குமே, அவர் காய்ச்சலில் கிடந்தபோது, அவளுடைய பிறந்தநாளுக்கு அவர் ஏதாவது எழுதியிருந்தால் அதற்கு. தேடினாள், அனுப்பியவற்றில் அவள் கைப்பட அவருக்கு எழுதியது எதுவும் இல்லை, விதி எழுதிய நாளுக்குப் பிறகு ஒன்றுகூட. சரி, அவர் ஃபோல்டரிலாவது பார்க்கலாம், ஒருவேளை அவர் எதற்காவது நன்றி சொல்லியிருந்தால்… திறந்தாள். எல்லாமே படிக்காதவை, தடித்த எழுத்தில், பக்கம் பக்கமாக. நிறைய வந்திருக்கும் என்று தெரியும், கடைசியில் குறைந்துபோனதும் தெரியும், சர்வர் பதிவுகளைப் பார்க்கிறவள் அவள்தானே, அப்பாவிடமிருந்து வருவது குறைந்துவிட்டது என்று அப்போதே கவனித்தாள், நோய் முற்றிக் கேட்பதையும் மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்தாள், உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது, அதையும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

பழையதிலிருந்து படித்தாள். எப்ப வர்ற பாப்பா. இதற்குப் பதில் போயிருக்கும். அதே நாளில் கொஞ்ச நேரம் கழித்து, எப்ப வர்ற பாப்பா. இதற்குப் போயிருக்காது, ஒரு நாளைக்கு ஒன்றுதான். பாப்பா பதில் காணோமே. வேலையா? கோவமாம்மா? அப்பா தப்பா எதுவும் கேட்டுட்டேனா? பிறகு மறுநாள் காலை, புதிதாக, எப்ப வர்ற பாப்பா, உடனே பதில், சாயங்காலம் மறுபடி கோவமா… இப்படியே மாதக்கணக்கில். பிறகு ஒரு இடத்தில் சாயங்கால மெயில்கள் நின்றுவிடுகின்றன. மத்தியான மெயில்களும் இல்லை. காலையில் மட்டும், எழுந்ததும் எழுதியது போல, நாளுக்கு ஒன்று. பாப்பா, எப்ப வர்ற, இன்னிக்கு ஒரு தடவைதான் கேக்கறேன். அடுத்த நாளும் அதே வரி. அதற்கடுத்த நாளும். தம்பி பெயரை மறந்தவர், சாப்பிட்டதை மறந்து மறுபடி தட்டைக் கொண்டுவரச் சொன்னவர், குளியலறைக் கதவு எது என்று வழிகேட்டவர், இதை மட்டும் எப்படிப் பிடித்துக்கொண்டார், ஒரு தடவைக்கு மேல் கேட்டால் மகள் பேசமாட்டாள் என்பதை, யார் சொல்லிக்கொடுத்தது… முகம் சுளித்தது தங்கிவிடும் என்றாரே டாக்டர். பதிலை எழுதியது யார் என்றுதான் தம்பி கேட்கிறான். பதில் போகாத அந்தச் சாயங்காலங்களைப் பற்றி அவன் கேட்கவில்லை, அவனுக்கு அது தெரியவும் தெரியாது, அவற்றையும் அவள்தானே எழுதி வைத்தாள், அதைச் சொல்வதா, சொன்னால் அவன் அப்புறம் அக்கா என்று கூப்பிடுவானா.

மேசை மேல் ஃபோன் அதிர்ந்தது, தம்பிதான். கை நீட்டுவதற்குள் நின்றுவிட்டது. அவளே கூப்பிட்டிருக்கலாம், ஆனால் கை வரவில்லை, இன்னொரு தடவை கேட்பானா என்று ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.