இருபதாவது கேள்வி

1

இது நான் கண்ட கதையல்ல, என் அண்ணி சொல்லிக் கேட்டது. பக்கவாதம் வந்து பேச்சிழந்தவர்களை வீடியோ காலில் சோதித்து, இன்னும் எவ்வளவு பேச்சு மிச்சமிருக்கிறது என்று எழுதுவது அவள் வேலை. ஆள் பெயரைச் சொல்ல மாட்டேன் என்றுவிட்டாள். நல்லதாய்ப் போயிற்று, பொய்ப் பெயர் தேடும் வேலை எனக்கு மிச்சம்.

2

மௌனத்தின் ஆழத்தில் அவர் தன்னைத் தானே…

(அடித்துவிட்டேன். செங்கல் சுமந்து வளர்ந்தவருக்கு இந்த ஆழமெல்லாம் எதற்கு? அவர் கொத்தனார். படுத்து எழுந்து நாலு மாதம். வாய் இருக்கிறது, சொல் வரவில்லை. அவ்வளவுதான்.)

3

சொம்பில் சாய்த்து வைத்த போன். திரையில் அண்ணி படம் காட்டுகிறாள். கொத்தனார் டக்டக்கென்று சொல்கிறார். சீப்பு. சாவி. கரண்டி. அண்ணிக்கே ஆச்சரியம்.

ஏணி வந்தது. அவர் பக்கவாட்டில் எதையோ பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது. "குரங்கு" என்றார்.

"அண்ணே, போனைக் கொஞ்சம் திருப்புங்க."

போனுக்கு எட்டாத ஓரத்தில் அவர் மனைவி. இதுவரை ஒவ்வொரு சொல்லுக்கும் சத்தமில்லாமல் வாயசைத்தவள், ஏணிக்கு அது போதாமல் காற்றில் ஏறிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இது பரீட்சை இல்ல! இருபதுக்குப் பன்னெண்டு மார்க் எடுத்துட்டா, தேறிட்டாருன்னு பேச்சுப் பயிற்சியை நிறுத்திடுவாங்க. குறைஞ்சாத்தான் தொடர்ந்து கிடைக்கும்."

"ஐயையோ! ஃபெயிலானா இனி தேறாதுன்னு எழுதிடுவாங்கன்னு நெனச்சேன் டீச்சர்."

4

மறுபடி முதலிலிருந்து, புதுப் படங்கள். மனைவி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் வியர்த்து, தடுமாறி, பத்தொன்பதில் பதினொன்று சொன்னார். இருபதாவது கேள்விக்குப் படம் கிடையாது.

"பக்கத்துல இருக்கிறவங்க பேரென்னண்ணே?"

(அடிக்குறிப்பு: இந்தக் கேள்வியை எழுதிய படிப்பாளி இவர்கள் வீட்டுப் பக்கம் வந்ததில்லை.)

"நல்லா இருந்தப்பவே இந்த மனுஷன் என் பேரைச் சொன்னதில்ல டீச்சர்!" பொத்திய கைக்குள்ளிருந்து வந்தது. "சித்தாளா இவருகிட்ட வேலைக்குச் சேர்ந்த நாள்லேருந்து…"

"அக்கா, வாயை மூடுங்க."

கொத்தனாருக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. இரண்டு முறை வெறும் காற்று வந்தது. மூன்றாவது முறை, சாரத்தின் உச்சியில் நின்று கீழே கலவை கேட்கிற அதே குரலில்:

"அடியே!"

மனைவி சடாரென்று எழுந்துவிட்டாள். "இதோ வந்துட்டேன்."

5

அண்ணியின் தாளில் இரண்டே கட்டம்: சரி, தவறு. சரி போட்டால் பன்னிரண்டு, பயிற்சி போச்சு. தவறு போட்டால் பயிற்சி உண்டு. ஆனால் கூப்பிட்ட குரலுக்கு ஆள் எழுந்து நிற்கிறாளே, அதை எப்படித் தவறு என்பது?

"நீங்க என்ன போட்டீங்க?" என்று அண்ணியைக் கேட்டேன்.

"கதை எழுதுறவன் நீதானே தம்பி? நீயே போடு."

இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்துக் கிழித்துவிட்டேன். எனக்குக் கை வரவில்லை. இந்தாருங்கள் பேனா, நீங்கள் போடுங்கள். யோசித்தே போடுங்கள், ஆனால் ரொம்ப நேரம் எடுக்காதீர்கள். அவள் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறாள்.