ஒரு பிள்ளைக்கு இடமுள்ள பள்ளிக்கூடம்

கீழ்த்திசை முழுவதற்கும் கல்வியின் சூரியன் பழவேற்காட்டில்தான் உதித்தது என்று கோட்டையின் கல்விப் பரிபாலன சபை எழுந்து நின்று தீர்மானம் நிறைவேற்றிய அன்று, அந்தச் சூரியனின் கீழே உட்கார்ந்து படிக்க ஒரே ஒரு மாணவன் இருந்தான். அவன் பெயர் கொர்னேலி. அவன் யாருக்கும் பிறந்தவன் அல்ல. சபையார் இதை ஒரு குறையாகக் கருதவில்லை. பெற்றோர் இல்லாத மாணவனால் பெற்றோரின் தொல்லையும் இல்லை என்று அவர்களில் ஒருவர் திருப்தி தெரிவித்தார்.

அவன் வந்த விதம் இது. உலாந்தாக்காரர்கள் என்ற டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி இரண்டு தலைமுறை ஆன பிறகு, புயலும் அதன் பின்னே பஞ்சமும் வந்த ஒரு வருஷத்தில், ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறப்பது என்று சபை முடிவு செய்தது. ஞாயிறுதோறும் ஜெபம் முடிந்ததும் கோட்டையின் அறிவிப்பாளன் சின்னப்பன் தமுக்கை மாட்டிக்கொண்டு மீனவர்கள் வாழும் கோட்டைக்குப்பத்துக்கு வந்து, பிள்ளை பெற்ற குடும்பங்களுக்கெல்லாம் பள்ளிக்கூடச் செய்தி சொல்வான். கடல் கடந்த பத்தாவியாவிலிருந்து பள்ளிக்கு மணி வருகிறது. மணி வந்துவிட்டது, அதன் நாக்கு அடுத்த கப்பலில் வரும். கூரை வேய்வது பற்றி ஆலோசனை நடக்கிறது, மழைக்காலம் முடிந்ததும் ஆலோசனையும் முடியும். பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு நாள்தோறும் ஒரு படி அரிசி தரப்படும். குப்பத்தார் இந்தக் கடைசிச் செய்தியை மட்டும் இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார்கள். அடுத்த ஞாயிறு அவன் வந்து, நிதிநிலையை உத்தேசித்து இந்த வருஷம் ஒரு பிள்ளைக்கு மட்டுமே இடம் உண்டு என்று அறிவித்தான். மீதி நிதி திறப்பு விழா விருந்தில் செலவாகிவிட்டது என்பதைத் தமுக்கை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னான்.

வேறு ஊராக இருந்தால் அந்த ஒரு இடத்துக்கு அடித்துக்கொண்டிருப்பார்கள். கோட்டைக்குப்பத்தில் அப்படி நடக்கவில்லை. ஏரியில் இறால் ஓடும் இடங்கள் எப்போதுமே எல்லாருக்கும் போதாது. அதனால் வருஷத் தொடக்கத்தில் சீட்டுப் போட்டு, இன்ன நாள் இன்ன வீடு என்று முறை வைத்து வலை கட்டுவார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். இடம் ஒன்று, வீடு பல என்றால் என்ன செய்வது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குப்பத்துத் தலைவரான நாட்டார் துளசிங்கம் சீட்டைக் குலுக்கினார். பள்ளிக்கூடமும் பாடு முறையில் சேர்ந்தது. நாளுக்கொரு வீட்டுப் பிள்ளை போய் உட்கார்ந்து, நாளுக்கொரு வீடு அரிசி வாங்கியது. உபாத்தியாயர் ஆபிரகாமுக்குக் கண்பார்வை நன்றாகவே இருந்தது. ஆனால் ஒரு பிள்ளை இருந்தால்தான் அவருக்குச் சம்பளம். ஆகவே யார் வந்து உட்கார்ந்தாலும் பதிவேட்டில் எழுதிய ஒரே பெயரால் கொர்னேலி என்று கூப்பிட்டார், வந்தவர்களும் ஏன் என்று குரல் கொடுத்தார்கள். பிள்ளை இல்லாத முனியன் தன் பாடு வந்த நாளில் தானே போனான். மீசையைத் தடவிக்கொண்டே அன்றைய பாடத்தை ஒப்பித்துவிட்டு அரிசியோடு திரும்பினான்.

பாடு கிடைக்காத வீடு ஒன்று இருந்தது. மணியம்மாளின் புருஷன் ரங்கன் புயலில் படகோடு போனவன். ஆண் இல்லாத வீட்டுக்கு ஏரியில் பாடு கிடையாது, ஏரியில் இல்லாததால் பள்ளிக்கூடத்திலும் கிடையாது. அவளும் மகள் ருக்குவும் ஆழமில்லாத இடத்தில் சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்துப் பிழைத்தார்கள். பஞ்சத்தில் இறாலுக்கும் என்ன கோபமோ, கை நிறையக் கிடைப்பதில்லை. பசித்த வீடுகளில் நுழைந்து பிள்ளைகளை விலை பேசிக் கப்பலேற்றும் தரகர்கள் அப்போது பகலிலேயே நடமாடினார்கள். ஒருவன் ருக்குவின் பல்லைப் பார்த்துவிட்டுப் போயிருந்தான். மணியம்மாள் நாட்டாரிடம் போய் நின்றாள்.

"எம் பொண்ணுக்கும் ஒரு பாடு போடுங்க நாட்டாரே. ஒரு படி அரிசி வந்தா அவளப் பக்கத்துலயே வெச்சிக்குவேன்."

"ஆம்பள இல்லாத வூட்டுக்கு இன்னா பாடு மணியம்மா? வழக்கத்த நானா பண்ணேன்?"

"முனியனுக்குப் புள்ளயே இல்ல, அவனுக்குப் பாடு. எனக்குப் புள்ள இருக்குது, பாடு இல்ல. நல்லா கீது நாயம்."

"அவனுக்கு மீச கீதில்ல" என்று பக்கத்திலிருந்து யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். சட்டம் தெளிவாக இருந்ததால் விவகாரம் அத்தோடு முடிந்தது.

மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு குடும்பம் பஞ்சம் பிழைக்க ஆரம்பாக்கம் பக்கம் போய்விட்டது. அவர்களுடைய பாடு வந்த நாளில் போவதற்கு ஆளில்லை. ஆபிரகாம் சம்பளத்தை நினைத்துக்கொண்டே பள்ளிக்குள் நுழைந்தபோது, பலகையில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். கிருஷ்ணன் வீட்டுப் பையனின் உடைந்த பல், காசியம்மாள் மகனின் மாறுகண், குப்பம்மாள் மகளின் காது ஓட்டை, உதட்டுக்கு மேலே முனியனின் மீசையின் நிழல், இத்தனையும் அவனிடம் இருந்தன.

"இன்னிக்கி யாரு பாடு?" என்று கேட்டார் ஆபிரகாம்.

"யாருதும் இல்ல. அதான் நானே வந்தேன்" என்றான் கொர்னேலி.

அன்றைக்குக் காசியம்மாளின் மகனுக்கு மாறுகண் நேராகியிருந்தது. முனியனின் மீசை பாதியாக மெலிந்திருந்தது. குப்பம் முழுக்க வந்து பார்த்தது. இத்தனை நாள் இத்தனை பேர் போய் ஒரே பெயருக்கு ஏன் என்று குரல் கொடுத்தால் பெயரும் ஒரு நாள் எழுந்து உட்காரத்தான் செய்யும் என்று பேசிக்கொண்டார்கள். மற்றப் பிள்ளைகளுக்குத் தங்கள் நாளில் நடந்த பாடம் மட்டும் தெரியும், நடுவே நடந்தது தெரியாது. கொர்னேலிக்கு முதலிலிருந்து எல்லாமே தெரிந்திருந்தது. ருக்குவின் சாயல் மட்டும் அவனிடம் இல்லை. அவள் ஒரு நாளும் பள்ளிக்கூடம் போனதில்லை.

பள்ளி விட்டதும் அவன் எங்கே போவது என்பதுதான் சிக்கல். எல்லா வீட்டிலிருந்தும் வந்தவனை எந்த வீடும் ஏற்கவில்லை. பள்ளிக்குப் போவது கொர்னேலி, அரிசி வாங்குவது அன்று பாடு உள்ள வீடு என்று நாட்டார் தீர்த்து வைத்தார். அவனுக்குச் சோறு யார் போடுவது என்று கேட்டபோது எல்லாரும் ஏரியைப் பார்த்தார்கள். மணியம்மாள் முன்னால் வந்து அவன் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். இரக்கம் என்று ஊர் நினைத்தது. மறுநாள் காலையில் அவள் நாட்டார் வாசலில் நின்றாள்.

"எம் வூட்ல இப்ப ஆம்பள கீறான். பாடு குடுங்க."

துளசிங்கம் யோசித்துப் பார்த்தார். அவனுக்கு மீசை இருந்தது. அதுவும் இந்த ஊர் மீசை. மணியம்மாளின் வீடு ஏரியிலும் பள்ளிக்கூடத்திலும் பாடு முறையில் ஏறியது. ருக்கு சோறு தின்றாள். தரகன் மறுபடி வந்தபோது மணியம்மாள் அரிசி புடைத்துக்கொண்டே அவனிடம் பேசினாள். அவன் வாசலோடு திரும்பினான். வலை கட்டப் போகும் நாட்களில் கொர்னேலி இடுப்பளவு தண்ணீரில் நின்று கற்றதையெல்லாம் வரிசையாக ஒப்பிப்பான். நண்டுகள் அவனைத்தான் முதலில் கடித்தன. ருக்கு சிரிப்பாள். அந்தச் சிரிப்பு ஒரு மாசம் போல நீடித்தது.

பிறகு கல்வியின் சூரியன் பற்றிய அந்தத் தீர்மானம் நிறைவேறியது. சூரியன் உதித்ததைப் பத்தாவியாவில் இருக்கும் பெரியவர்கள் நம்பினால்தான் அடுத்த வருஷ நிதி வரும். அதற்குச் சாட்சியாக மாணவனையே கப்பலில் அனுப்புவது என்று சபை முடிவெடுத்தது. சின்னப்பன் தமுக்கடித்துச் சொன்னான். சகல குடும்பங்களும் குளித்து முழுகி வந்து வழியனுப்பு விழாவைச் சிறப்பிக்க வேண்டும், விருந்து உண்டு, விருந்து கோட்டைக்கு உள்ளே, குடும்பங்கள் கோட்டைக்கு வெளியே. கொர்னேலிக்குக் கால்சட்டையும் தொப்பியும் மாட்டினார்கள். மூன்று பேச்சுகள் நடந்தன. சபைத் தலைவர், இந்தப் பிள்ளையிடம் நான் என்னையே காண்கிறேன் என்றார். மாறுகண்ணைக் கவனித்த பிறகு அந்த வாக்கியத்தை அவர் திரும்பச் சொல்லவில்லை. பீரங்கி முழங்கியது. ஒரு கட்டியக்காரனோடு படகு புறப்பட்டது.

ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்தைத் தாண்டும்போது கொர்னேலி தனித்தனியாகப் பிரிந்து தண்ணீரில் கரைந்து போனான். அவனைச் செய்த பிள்ளைகள் எல்லாரும் கரையில் இருந்தார்கள். அவ்வளவு தூரத்துக்கு அவன் நீளவில்லை. கரையில் முனியன் மூக்குக்குக் கீழே அரிப்பதை உணர்ந்து தடவிப் பார்த்தான், மீசை முழுசாக இருந்தது. காசியம்மாளின் மகன் இரண்டு கப்பல் தெரிகிறது என்றான். கட்டியக்காரன் ஈரத் தொப்பியையும் காலிக் கால்சட்டையையும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தான். கப்பல் நங்கூரம் தூக்கக் காத்திருந்தது. பீரங்கி வெடித்தாகிவிட்டது, தமுக்கும் அடித்தாகிவிட்டது. நடந்ததை நடக்கவில்லை என்று அறிவிக்கச் சபையிடம் வழிமுறை எதுவும் இல்லை. கோட்டையின் மொழிபெயர்ப்பாளரான துபாசி நாட்டாரைக் கூப்பிட்டு, கொர்னேலியை உடனே படகில் ஏற்றும்படி சொன்னார்.

துளசிங்கம் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். "இன்னிக்கி யாரு பாடு?"

அன்றைய பாடு யாருடையது என்று எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் மணியம்மாளைப் பார்க்காமல் இருந்தார்கள். அவளைச் சுற்றி மட்டும் இடம் காலியானது.

"எம் வூட்ல ஆம்பள ஏது?" என்றாள் மணியம்மாள். ருக்குவைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். "இருந்தவன் தண்ணியில கரைஞ்சி பூட்டான், எல்லாந்தான் பார்த்தீங்க. ஆம்பள இல்லாத வூட்டுக்கு இன்னா பாடு? நீங்கதானே சொன்னீங்க நாட்டாரே, உங்க வாயாலதானே சொன்னீங்க!"

துளசிங்கம் கெட்டவர் அல்ல. அவர் கண் கலங்கியிருந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். "குடுத்த பாட்ட வருசத்து நடுவுல புடுங்கற வழக்கம் நம்மகிட்ட இல்லம்மா" என்றார். "உனக்கு அந்தக் கொறைய நான் வைக்கமாட்டேன்."

கால்சட்டை பெரிதாக இருந்ததால் வலைக் கயிற்றால் இடுப்பில் கட்டினார்கள். தலைமுடியைத் தொப்பிக்குள் மணியம்மாளே சுருட்டி வைத்தாள். வேறு யாரையும் அவள் தொடவிடவில்லை. ருக்கு, "யம்மா, அவங்க இன்னா பேர் கேப்பாங்க?" என்றாள். மணியம்மாள் சொன்னது அலைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. படகு முகத்துவாரத்தைத் தாண்டுவதை எல்லாரும் கரையிலிருந்து பார்த்தார்கள். ருக்கு பிரியவில்லை. அவள் ஒரே வீட்டுப் பிள்ளை, ஆகவே முழுசாகவே போய்ச் சேர்ந்தாள்.

அதன் பிறகு பள்ளிக்கூடம் செழித்தது. நிதி வந்தது, மணிக்கு நாக்கு வந்தது, நிதி வந்ததற்கு ஒரு விழா நடந்தது, அடுத்த நிதி விழாவின் செலவை ஈடுகட்டியது. இடம் ஒரு பிள்ளைக்குத்தான் இருந்தது. குப்பத்துப் பிள்ளைகள் முறை வைத்துப் போய் வந்தார்கள், ஆனால் பலகையில் யாரும் தானாக வந்து உட்காரவில்லை. வருஷம் முடிந்ததும் மணியம்மாளின் பாடு வழக்கப்படி நின்றது. கப்பல் வரும் நாளெல்லாம் அவள் கரைக்குப் போனாள். ருக்கு என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஆகவே படகுக்காரர்களிடம், கொர்னேலி நல்லா கீறானா என்று கேட்டாள். எந்த கொர்னேலி என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். பத்தாவியாவில் அந்தப் பெயர் நிறைய இருந்தது.

ஆறேழு வருஷம் கழித்து, தலைமுடி நரைத்த சின்னப்பன் ஒரு ஞாயிறு தமுக்கோடு வந்தான். கப்பலில் வந்த சேதியைக் கோட்டையில் கொடுத்தபடியே சொன்னான். நமது பள்ளியின் முதல் மாணவர் கொர்னேலி பத்தாவியாவில் ஒரு பெரிய அதிகாரியின் வீட்டில் பாத்திரம் துலக்கும் பணியில் அமர்ந்து சுகமாக இருக்கிறார், ஜெபம் பிழையில்லாமல் சொல்கிறார், சென்ற மாசியில் பூப்பெய்தினார். கடைசிச் சொல்லுக்கு என்ன பொருள் என்று சபைத் தலைவர் கேட்டிருக்கிறார். துபாசி, தமிழர்களிடையே அது ஒரு பட்டம் என்று சொல்லியிருக்கிறார். சபை எழுந்து நின்று பாராட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது.

மணியம்மாள் அன்றைக்குக் கரைக்குப் போகவில்லை. வீட்டு ஓரத்தில் நாலு குச்சி நட்டு, பச்சை ஓலை முடைந்து, முறைப்படி ஒரு குடிசை போட்டாள். அன்று பாடு எந்த வீட்டுக்கோ அந்த வீட்டு ஆண் தாய்மாமனாக நின்று ஓலையைக் கட்டினான். குடிசைக்குள்ளே யாரும் இல்லை. பெண்கள் உள்ளே பார்த்து மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். ஊர் முழுக்க வந்து உளுத்தங்களி சாப்பிட்டது. துளசிங்கமும் வந்து சாப்பிட்டார். வெல்லம் போதவில்லை.