காமில் சேர்த்த மழை

ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தோட்டமொன்றின் வெள்ளைக்காரத் துரை எழுபத்தைந்தாம் ஆண்டில் சீமைக்குத் திரும்பியபோது, பங்களாச் சாமான்களைப் புல்தரையில் பரப்பி விற்றார். நெஞ்சளவு உயர ஸ்பீக்கர்கள் இரண்டை என் அப்பா வாங்கினார். பதுளையில் எங்கள் வீட்டு மண்டபத்துக்கு அந்தத் தேக்குப் பெட்டிகள் எடுப்பாக இருக்கும் என்று நினைத்தார். அவற்றை இயக்கிய பவர் அம்பிளிபயர் இரும்புப் பெட்டகம் போல ஓரமாகக் கிடந்தது. அதை ரேடியோ திருத்தும் காமில் தூக்கிப் போனார். ஒரே வீட்டில் இருந்த சோடி அன்று இரண்டு வீட்டுக்குப் பிரிந்தது.

அந்த ஸ்பீக்கர்கள் லேசில் அசைபவை அல்ல. அப்பாவும் பிறகு நானும் எத்தனையோ புது அம்பிளிபயர்களை வாங்கி மாட்டிப் பார்த்தோம். பாட்டு கம்பளிக்குள்ளிருந்து வருவது போல வரும். சத்தத்தைக் கூட்டினால் அம்பிளிபயர் கொதித்து அணைந்துவிடும்.

ஒருநாள் காமில் வந்து ஸ்பீக்கர்களை விலைக்குக் கேட்டார்.

"இந்த வீட்டுப் பொருள் வாசல் தாண்டாது. நீ அந்தப் பெட்டிய இங்க கொண்டா" என்றார் அப்பா.

காமில் சிரித்தார். "அது என்ட வீட்டு அடுப்பு மாதிரி முதலாளி. அடுப்ப யாரும் விப்பாங்களா?"

அப்பா காலமான பிறகு நான் கேட்டபோதும் அதே பதில்தான். அவருக்கு அவர் வார்த்தை. எங்களுக்கு எங்கள் வார்த்தை. அதில் தவறு இருந்ததாக நான் நினைக்கவில்லை.

தொண்ணூற்றொன்பதில் காமில் இறந்தார். சில வாரங்கள் கழித்து அவருடைய மனைவியின் அண்ணன் றஹீம் என் துணிக்கடைக்கு வந்தார்.

"முதலாளி, தங்கச்சி ஸுபைரா அந்த அம்பிளிபயரக் குடுக்கப் போறா. கொழும்பு ஆள் ஒருத்தன் வெள்ளிக்கெழம வாகனத்தோட வாறான். ஆனா மொதல்ல உங்கள்ட்ட கேக்கச் சொன்னா."

"நல்லது. விலைய சொல்லுங்க."

"வெல பொறகு. ஸ்பீக்கர் ரெண்டையும் எங்கட வீட்டுக்குக் கொண்டு வரோணுமாம். மச்சான் ஆசப்பட்ட சத்தத்த ஒருக்கா அவவும் கேக்கோணுமாம். இத்தாவுல ஈக்கிறவ, வெளிய வர ஏலாதே."

கணவனை இழந்த பெண் இத்தா முடியும்வரை வீட்டைவிட்டு வருவதில்லை; அந்நிய ஆண்களைப் பார்ப்பதுமில்லை. அந்த வழக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அப்பாவின் சொல்லை மீற என்னால் எப்படி முடியும்? வெள்ளிக்கிழமை அந்த அம்பிளிபயர் மலையிறங்கிவிட்டால், இந்தப் பெட்டிகள் என் காலம் முடியும்வரை ஊமையாகவே நிற்கும்.

வீட்டில் மனைவி அலமேலுவிடம் சொன்னேன். அவள் ஸ்பீக்கர் மேலிருந்த பூச்சாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"மாமா வாசல் தாண்டக் கூடாதுன்னது விக்கிறதுக்குத்தானேங்க? நானும்தான் தாய் வீட்டுக்குப் போயிட்டுப் போயிட்டு வர்றேன். என்னைய யாரும் வித்துட்டீங்களா?"

அவள் பூச்சாடியை எடுத்து நிலத்தில் வைத்தாள்.

வியாழக்கிழமை மதியம் வடிவேலின் வேனில் ஏற்றினோம். "இது ஸ்பீக்கரா, நெல்லுப் பொட்டியா முதலாளி? உள்ள யாராச்சும் ஒக்காந்திருக்காங்களா?" என்று முனகிக்கொண்டே தூக்கினார் வடிவேல்.

காமிலின் வீடு சரிவில், படிகளுக்கு மேலே இருந்தது. முன்னறையில் ஸ்பீக்கர்களை நிறுத்தினோம். அம்பிளிபயர் உள்ளறையில், காமிலின் மேசையிலேயே இருந்தது. இடையில் ஒரு வெள்ளைத் திரை. அதற்கு அப்பால் ஸுபைரா இருந்தாள். திரையின் கீழாக வயர்களை இழுத்து றஹீம் பொருத்தினார்.

"வால்வு சூடாகோணும். கொஞ்சம் பொறுங்கோ முதலாளி" என்றது திரைக்கு அப்பாலிருந்து ஒரு குரல்.

அம்பிளிபயரின் கண்ணாடி வால்வுகள் எரியத் தொடங்க, மெல்ல மெல்லத் திரையில் வெளிச்சம் ஊறியது. யாரோ உள்ளே ஒரு சிறு அந்தியை ஏற்றி வைத்தது போல. வாங்க வந்த பொருளை நான் பார்க்கவேயில்லை. அதன் நிறத்தை மட்டும் பார்த்தேன்.

"பாட்டா?" என்று றஹீமிடம் கேட்டேன்.

"மௌத் வீட்டுல பாட்டு போடுவமா? மச்சான் சேத்த சத்தம். டேப்ப எடுத்துக்கொண்டு தோட்டந் தோட்டமா அலஞ்சவர்."

டேப் சுழன்றது. முதலில் எதுவுமில்லை. பிறகு தொலைவில் ஒரு தகரத்தில் ஒரு துளி. இன்னொன்று. தோட்டத் தொழிலாளர் லயத்துக் கூரைகளின் மேல் மழை நடந்து வந்தது. சுவர் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. எனக்கு வலப்பக்கம் தேயிலைச் சரிவு இறங்கியது, இடப்பக்கம் ஒரு பீலியில் தண்ணீர் கொட்டியது. மலைக்கப்பால் ரயில் ஊதியது. அந்த ஊதல் பள்ளத்தாக்கைச் சுற்றி வந்து என் நெஞ்சுக்கூட்டில் நின்றது. இத்தனை வருடம் பூச்சாடி சுமந்த பெட்டிகளா இவை? அவை இருக்கும் இடமே தெரியவில்லை. மழை மட்டும் இருந்தது.

மழை ஓயும் நேரத்தில் டேப்பில் நனைந்த செருப்புச் சத்தம் கேட்டது. படியேறி வந்தது. காமிலின் இருமல். கதவுத் தாழ்ப்பாள்.

நான் வாசலைத் திரும்பிப் பார்த்தேன். றஹீமும் பார்த்தார்.

திரைக்கு அப்பால் டேப்பை நிறுத்தும் சத்தம் கேட்டது. பிறகு ஸுபைரா பேசினாள். "போதும். நீங்க இத எடுத்துக்கொண்டு போங்கோ முதலாளி. றஹீம் நானா, அந்தக் கொழும்பாளுக்கு வரவேணாண்டு சொல்லுங்கோ."

வடிவேல் உள்ளே வந்து கைகளைத் தேய்த்தார். "தூக்கலாமா?"

நான் எழுந்து வேட்டியைச் சரிசெய்தேன்.

"இத்தாவுல இருக்கிற வீட்டுலேருந்து பொருள் தூக்குறது எங்க குடும்பத்துக்கு வழக்கமில்ல" என்றேன். அப்படியொரு வழக்கத்தை எங்கள் குடும்பத்தில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. இனி இருக்கும். "இத்தா முடியட்டும். அதுவரைக்கும் ஸ்பீக்கர் ரெண்டும் இங்கேயே நிக்கட்டும்."

"பெட்டி ரெண்டும் இங்கயா?" றஹீம் என்னை நம்பாமல் பார்த்தார். "வாசல் தாண்டாதுண்டு சொன்ன பெட்டியா?"

"விக்கலையே. விருந்துக்கு வந்திருக்கு."

திரைக்குப் பின்னால் ஒரு சிறு சிரிப்பு கேட்டது, அழுகையாகவும் இருக்கலாம். நான் உற்றுக் கேட்கவில்லை.

படியிறங்கும்போது பின்னால் மறுபடியும் முதல் துளி விழுந்தது. பிறகு அடுத்தது. வெயிலில் காய்ந்து கிடந்த படிகளில் நின்று நான் குடையை விரித்தேன்.

"மழ இல்லீங்களே முதலாளி" என்றார் வடிவேல்.

"தெரியும். நட."