போக்குவரத்துக் குழுவில் ஓர் இடம்

ஒஸ்லோ நகரசபையில் இருந்த நான்கு வருடத்தில் உருப்படியாகச் செய்தது ஒன்றுதான் என்று நிலூஜாவே சொல்வாள். பனிக்காலத்தில் வழுக்காமலிருக்க, வாகனச் சாலைகளுக்கு முன்னால் நடைபாதைகளுக்குச் சரளை போடவேண்டும் என்ற தீர்மானம். நகரின் ஸ்டோவ்னர் பகுதி அடுக்குமாடிகளிலிருந்து மெட்ரோவுக்கு இறங்கும் சரிவில் வயதானவர்கள் வழுக்கி விழுவதைப் பார்த்துப் பார்த்துத்தான் அவள் இதைக் கையில் எடுத்தாள். காலில் விழாத குறையாக எதிர்க்கட்சிக்காரரிடமும் ஆதரவு திரட்டினாள்.

தீர்மானம் நிறைவேறியதும் பத்திரிகை ஒன்று பேட்டி கேட்டது. கட்சியின் ஊடகப் பொறுப்பாளர் ஆன்ட்ரியாஸ்தான் அதை ஒழுங்குசெய்தார். வந்த நிருபரோ அப்பா போரிலிருந்து எப்படித் தப்பி வந்தார், வீட்டில் என்ன சமைப்பார்கள் என்றே கேட்டுக்கொண்டிருந்தார். அவள் சரளைக்குப் பேச்சைத் திருப்பும்போதெல்லாம் எழுதுவதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். ‘அகதியின் மகள் நகரசபையில்’ என்று தலைப்பு வந்தது.

காலையிலேயே அப்பா ஜெயரத்தினம் போன் எடுத்தார்.

“பிள்ளை, அரைப்பக்கத்துக்கு உன்ரை படம் போட்டிருக்கிறாங்கள்.”

“நான் செய்த வேலையைப் பற்றி ஒரு வரியாவது இருக்கோ, அப்பா?”

அவர் கொஞ்ச நேரம் தேடினார். “படம் வடிவாயிருக்கு,” என்றார்.

அவரிடம் எப்படிக் கோபிப்பது? அதையும் விழுங்கிக்கொண்டாள்.

அடுத்த தேர்தலுக்கு வேட்பாளர் பட்டியல் தயாரித்தபோது, அவளைப் போக்குவரத்துக் குழுவிலிருந்து பண்பாட்டுக் குழுவுக்கு மாற்றலாம் என்றது கட்சி. மக்கள் அவளை அப்படித்தான் அறிந்திருக்கிறார்களாம். அந்தப் பேட்டியையே ஆதாரமாகக் காட்டினார்கள். போக்குவரத்துக் குழு இல்லையென்றால் வேறெதுவும் வேண்டாம் என்று அவள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். ஆறாவதாக இருந்த பெயர் இருபத்துநான்காவது இடத்துக்கு இறங்கியது.

இங்கே வாக்காளர் கட்சிப் பட்டியலில் தமக்குப் பிடித்த பெயருக்கு எதிரே புள்ளடி போட்டு மேலே ஏற்றலாம். சேதி தெரிந்ததும் ஜெயரத்தினமும் நண்பர்களும் கோயிலிலும் விளையாட்டுக் கழகத்திலும் ஆள் ஆளாகப் பிடித்துச் சொன்னார்கள். நிலூஜாவுக்கு அது கூச்சமாக இருந்தது.

“நான் தமிழருக்கு மட்டும் நிக்கேல்லை, அப்பா. விடுங்கோ.”

“தெரியும் பிள்ளை. ஆனா உன்னைக் கீழை தள்ளினது எங்களுக்கும் நோகுதெல்லே.”

அதற்குமேல் அவள் தடுக்கவில்லை.

வாக்குகள் எண்ணி முடிந்தபோது அவள் நான்காவது இடத்துக்கு ஏறியிருந்தாள். கட்சியில் மூத்த பலரைவிட அவளுக்குத்தான் தனிவாக்கு அதிகம். போக்குவரத்துக் குழுவை இப்போது யாரும் மறுக்கவில்லை. கேட்டது கிடைத்தும் மனம் ஆறவில்லை. சரளைக்காக எத்தனை பேர் புள்ளடி போட்டார்கள், பெயருக்காக எத்தனை பேர் போட்டார்கள் என்று அவளுக்குத் தெரியப்போவதில்லை.

நகரசபை வாசலில் ஆன்ட்ரியாஸ் கைகுலுக்கினார். “உங்கள் ஆட்கள் நன்றாக உழைத்திருக்கிறார்கள்.”

“அவர்கள் ஒஸ்லோ வாக்காளர்கள்,” என்றாள் நிலூஜா.

ஆமாம் ஆமாம் என்று அவசரமாகத் தலையாட்டிய ஆன்ட்ரியாஸ், புதிய சபை உறுப்பினர்களின் படத்துக்குச் சேலையில் வரமுடியுமா என்று கேட்டார். அவள் முடியாது என்று சொல்லிவிட்டு, குழுவின் முதல் கூட்டத்துக்கு மாடியேறினாள்.